எந்தத் துறையில் மேற்படிப்பு? கொங்கு நாட்டுப் பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.பி.பி.எஸ். முடிவில் வரும் கட்டாயப் பயிற்சியான சி.ஆர்.ஆர்.ஐ. ஆண்டு முடியும் தறுவாயில் என்னைப் பார்க்க வரும் இளம் மருத்துவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இந்த ரேங்குக்கு எது கிடைக்கும் சார்" என்பதைத்தான். அதற்கு விடை சொல்ல நான் தேவையில்லை; முந்தைய ஆண்டுகளின் கலந்தாய்வு முடிவுகளைப் புரட்டினாலே ஏறக்குறையத் தெரிந்துவிடும். கிடைப்பவற்றுள் எதை எடுப்பது, எதற்காக இன்னும் ஓராண்டு காத்திருப்பது, எதை எந்த நிலையிலும் எடுக்காமல் விடுவது என்பவைதாம் கடினமான கேள்விகள். நான் பொது மருத்துவம் படித்து, ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். என்னோடு படித்தவர்கள் ஏறக்குறைய எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் வேலையை விரும்பிச் செய்கிறவர்களையும், நல்ல வருமானம் இருந்தும் காலையில் ஓ.பி.க்குக் கிளம்பும்போதே சலித்துக்கொள்கிறவர்களையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு துறையில் சேருவது என்பது, ஒரே வகையான நோயாளி முப்பது ஆண்டுகள் ஒரே கதவு வழியாக வந்துகொண்டே இருப்பதற்குச் சம்மதிப்பதாகும். அந்த நோயாளியை உங்களுக்குப் பிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துப் பன்னிரண்டு வாரம்

2021ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி பயிற்சி ஆண்டில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேற்றுக்கு 7 வாரம், பொது மருத்துவத்துக்கும் பொது அறுவை சிகிச்சைக்கும் தலா 6 வாரம், குழந்தைகள் மருத்துவத்துக்கு 3 வாரம், மனநலம், மயக்கவியல், எலும்பு முறிவு, கண், காது மூக்கு தொண்டை, அவசர சிகிச்சை ஆகியவற்றுக்குத் தலா 2 வாரம் என்று பிரித்திருக்கிறார்கள். தோலுக்கும் சட்டம் சார்ந்த மருத்துவத்துக்கும் தலா ஒரு வாரம்தான். விருப்பப் பிரிவுக்கென்று 4 வாரம் உண்டு.

இவற்றுள் மிக நீளமான அந்தப் பன்னிரண்டு வாரத்தைப் பெரும்பாலோர் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிக்கக் கிடைத்த நேரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் துறையைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. காரணம் எளிது. மருத்துவக் கல்லூரி வார்டில் படுத்திருக்கும் நோயாளி ஏற்கெனவே ஒரு துறையின் பெயரை ஒட்டிக்கொண்டு வந்தவர். எலும்பு வார்டில் இருப்பவருக்கு எலும்பில்தான் கோளாறு என்று யாரோ ஒருவர் முன்பே முடிவு செய்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்கும் நூறு பேருக்கும் அப்படி எந்தப் பெயரும் இல்லை. மூட்டு வலிக்காரரும், தூக்கமில்லாதவரும், நாள் தள்ளிப்போன பெண்ணும், மூக்கொழுகும் குழந்தையும், தேமல் காட்ட வந்த கல்லூரி மாணவனும் ஒருவர்பின் ஒருவராக உங்கள் முன் உட்காருவார்கள். அந்த வரிசையில் எவர் வந்து உட்காரும்போது உங்கள் முதுகு தானாக நிமிர்கிறது, எவரை "அடுத்து வாங்க" என்று சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். எந்தப் பாடநூலும் இதைச் சொல்லாது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இரண்டு காலும் வீங்கி வந்தார். இதயமா, சிறுநீரகமா, கல்லீரலா என்று எழுதப்பட்ட பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. வார்டில் வேலை குறைந்த ஒரு மாலையில் அவருடைய மஞ்சப்பையை வாங்கிக் கட்டிலின் மேல் கொட்டினேன். மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக விரித்து, சிறு எழுத்தில் இருந்த மருந்துப் பெயரைப் படித்துக்கொண்டே போனபோது, வெவ்வேறு கம்பெனிப் பெயரோடு இரண்டு அட்டைகளில் ஒரே ஆம்லோடிபின் இருந்தது. ஒன்று உள்ளூர் டாக்டர் எழுதியது, மற்றொன்று கோயம்புத்தூரில் எழுதியது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் அந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்கும். "நெறமே வேறயா இருந்துச்சுங்க தம்பி, அதனால ரெண்டும் வேற வேறன்னு நெனச்சனுங்க" என்றார் அவர். ஒன்றை நிறுத்தினோம்; ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. என்னோடு அந்த வார்டில் இருந்த நண்பனுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. எனக்கோ அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த நண்பன் இன்று சிறந்த அறுவை மருத்துவன். அறுவை அரங்கில் அவனுக்குக் கிடைக்கும் நிறைவு, பை கொட்டிப் பார்ப்பதில் எனக்குக் கிடைத்தது.

அன்றன்று எழுதிவைத்தல்

நினைவை நம்பாதீர்கள். ஆறு மாதம் கழித்து யோசிக்கும்போது மிகவும் பரபரப்பான ஒரு இரவும், மிகவும் திட்டு வாங்கிய ஒரு காலையும்தான் நினைவில் நிற்கும். இடையில் கடந்த நாற்பது சாதாரண நாட்கள் மறந்துபோகும், உங்கள் வாழ்க்கையோ அந்தச் சாதாரண நாட்களால்தான் ஆகப்போகிறது. எனவே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டூட்டியும் முடிந்தவுடன், தூங்குவதற்கு முன், ஐந்து வரி எழுதுங்கள். இன்று எந்த நோயாளியை யாரும் சொல்லாமலே திரும்பப் போய்ப் பார்த்தேன்? எந்த வேலையைச் செய்யும்போது மணி பார்க்கவில்லை? எதை இன்னொருவர் தலையில் கட்டப் பார்த்தேன்? இந்த மூன்றும் போதும். நோயாளியின் பெயரை எழுத வேண்டாம். வயதும் நோயும் இருந்தால் போதுமானது.

இதில் எழுதப்படுவது சில சமயம் எதிர்பாராததாக இருக்கும். என்னோடு படித்த ஒருத்தி சிறு வயது முதல் அறுவை மருத்துவராக வேண்டும் என்றே சொல்லிவந்தாள். பித்தப்பை அறுவை ஒன்றில், அறுத்த இடத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றவள், அன்றிரவு தன் நோட்டில் எழுதிய ஐந்து வரியில் நான்கு வரி, தலைமாட்டில் இருந்த மானிட்டரைப் பற்றியே இருந்தன. இரத்த அழுத்தம் எப்போது இறங்கியது, மயக்க மருத்துவர் எந்த மருந்தை எவ்வளவு செலுத்தினார், எத்தனை நிமிடத்தில் சரியானது என்று எழுதியிருந்தாள். பித்தப்பையைப் பற்றி ஒரே ஒரு வரி. கை அறுவைக் களத்தில் இருந்தாலும் கண் எங்கே இருந்தது என்பதை அவளுக்குக் காட்டியது அந்த நோட்டுத்தான். அவள் மயக்கவியல் எடுத்தாள். கோவை கங்கா மருத்துவமனையைத் தொடங்கியவரும் மயக்கவியல் மருத்துவர்தான் என்பதை, திரைக்குப் பின்னால் நிற்கும் துறை என்று அதைக் குறைத்துப் பேசுகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு.

யூனிட் வேறு, துறை வேறு

இதில் நானே தவறியிருக்கிறேன். என் அறுவைப் பயிற்சியில் எனக்கு வாய்த்த யூனிட்டில் மூத்தவர் ஒருவர் கோபம் வந்தால் கருவியைத் தரையில் எறிவார். நோயாளி முன்னிலையிலேயே பயிற்சி மருத்துவர்களை ஒருமையில் ஏசுவார். மூன்றாவது வாரத்திலேயே, அறுவைத் துறை எனக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டேன். பல ஆண்டு கழித்து யோசித்தபோதுதான், நான் துறையை எடை போடவில்லை, ஒரு மனிதரை எடை போட்டிருக்கிறேன் என்பது புரிந்தது. என் முடிவு கடைசியில் சரியாக அமைந்தது வேறு விஷயம்; அதற்கு நான் வந்த வழி சரியில்லை. இதற்கு நேர்மாறானதும் நடக்கும். அன்பாகக் கற்றுக்கொடுக்கும் சீஃப் ஒருவர் இருந்தால் எந்தத் துறையும் இனிக்கும். அவர் உங்களோடு முப்பது ஆண்டுகள் வரப்போவதில்லை.

எனவே ஒரு துறை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அதே துறையை வேறோர் இடத்தில் ஒருமுறையாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விருப்பப் பிரிவுக்கான நான்கு வாரத்தை இதற்குப் பயன்படுத்தலாம். அதைவிட முக்கியமாக, கல்லூரிக்கு வெளியே, நாற்பத்தைந்து ஐம்பது வயதுள்ள மருத்துவர் ஒருவரைக் கோபியிலோ தாராபுரத்திலோ உடுமலையிலோ தேடிப்போய், அனுமதி கேட்டு, காலை முதல் இரவு வரை ஒரு முழு நாள் அவரோடு இருங்கள். பேராசிரியரின் நாளும் சிற்றூர் மருத்துவரின் நாளும் ஒன்றல்ல; நீங்கள் பெரும்பாலும் இரண்டாமவராகத்தான் ஆகப்போகிறீர்கள். அவரிடம் "இந்தத் துறை எப்படி" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சென்ற வாரம் எத்தனை இரவு எழுந்தீர்கள், கடைசியாக எப்போது குடும்பத்தோடு வெளியூர் போனீர்கள், இந்த ஊரில் உங்களால் பார்க்க முடியாமல் கோவைக்கு அனுப்பிய கடைசி நோயாளி யார், இன்று மறுபடி கலந்தாய்வில் உட்கார்ந்தால் எதை எடுப்பீர்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். என்னைக் கேட்டவர்களிடம் நான் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன், மற்றவர்களும் சொல்வார்கள்.

நம் பக்கத்தில் எந்த நோய் எந்தக் கதவைத் தட்டுகிறது

இந்த மண்ணிலேயே மருத்துவம் பார்க்கப் போகிறீர்கள் என்றால், இங்கே மக்கள் செய்யும் தொழிலைத் தெரிந்துகொள்வது துறையைத் தெரிந்துகொள்வதற்குச் சமம். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மெல்லக் கேட்காமல் போகிறது. அவர்களில் பலர், வீட்டார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை வந்த பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். பஞ்சுத் தூசி படியும் நூற்பாலை வேலையில் இருப்பவருக்கு, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சிறுக்கம் கூடுகிறது என்று அவரே சொல்வார். கேட்கத் தெரிந்த நெஞ்சக நோய் மருத்துவருக்கு அந்த ஒரு வாக்கியம் எக்ஸ்ரேயைவிடப் பெரியது. கோவை வார்ப்படத் தொழிற்சாலைகளின் மணல் தூசியில் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது. பெருந்துறை மருத்துவக் கல்லூரி நிற்கும் இடம் ஒரு காலத்தில் காசநோய்ச் சானடோரியமாக இருந்தது என்பதை அங்கே படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நெஞ்சக நோய்த் துறையை ரேங்கு பட்டியலின் நடுவில் தள்ளிவைக்கிறோம், நம் மாவட்டங்களுக்கு அது மிகவும் தேவையான துறை.

திருப்பூரில் இயந்திரத்தில் சிக்கிய விரல்கள், பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்து முறியும் முதுகெலும்புகள், தோட்டத்தில் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்துக்குள் போன கைகள், சேலம் கொச்சி நெடுஞ்சாலை விபத்துகள் ஆகியவை எலும்பு முறிவு மருத்துவரையும் ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவரையும் நள்ளிரவில் எழுப்புகின்றன. திறந்த எலும்பு முறிவில் காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா என்று முடிவு செய்ய உதவும் மதிப்பெண் முறை ஒன்று கங்கா மருத்துவமனையில் உருவாகி, அதன் பெயராலேயே ஆய்விதழ்களில் வழங்கப்படுகிறது. நம் ஊர் காயங்களே அதற்குப் பாடம். 2021 டிசம்பரில் தமிழக அரசு கொண்டுவந்த நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்பதால், அவசர மருத்துவம் படித்தவர்களுக்கு இன்று முன்பில்லாத தேவை இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் நீங்கள் காப்பாற்றிய நோயாளியை மறுபடி பார்க்கும் வாய்ப்பு அரிது. பிழைத்தவர் நடந்து வந்து கும்பிட வேண்டும் என்று மனம் எதிர்பார்த்தால் வேறு துறை பாருங்கள்.

கண்ணாடி விரியன் கடித்து, இரத்தம் உறையாமல் வரும் விவசாயியும், பூச்சிமருந்து குடித்து வருகிறவரும், கொங்கு மாவட்டங்களுக்கே உரியதாகிவிட்ட, வாசல் தெளிக்கும் சாயப் பொடியான சாணிப் பவுடர் நஞ்சோடு வருகிறவரும் பொது மருத்துவத்தின் இரவுகளை நிறைக்கிறார்கள். இந்த மூவரில் பின்னவர் இருவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நஞ்சை முறிக்க நாங்கள் நான்கு நாள் பாடுபடுகிறோம். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி அனுப்பிவிடுகிறோம். அந்த மனிதர் எதற்காக அப்படிச் செய்தார் என்று உட்கார்ந்து கேட்கும் மருத்துவர் தாலுகா அளவில் மிகக் குறைவு. மனநல மருத்துவத்தில் 2 வாரம் இருக்கும்போது மற்றவர் கதையைக் குறுக்கிடாமல் அரைமணி கேட்க உங்களால் முடிகிறது, கேட்ட பிறகும் மனம் கலங்காமல் சிந்திக்க முடிகிறது என்று தெரிந்தால், தயவுசெய்து அந்தத் துறையை விடாதீர்கள். "பைத்தியக்கார டாக்டர்" என்று ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், யாராவது சொல்வார்களே என்பதற்காக அதை விட்டவர்களை நான் அறிவேன். அது பெரிய இழப்பு.

கண் மருத்துவத்துக்குக் கோவை ஒரு பெரிய பள்ளிக்கூடம். அரவிந்த், சங்கரா கண் மருத்துவமனைகள் இருக்கும் ஊரில் கண்புரை அறுவையைத் தொடர்ந்து, சீராக, நூற்றுக்கணக்கில் செய்யும் கையைப் பார்க்கலாம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து ஒவ்வொரு முறையும் சற்றே மெருகேற்றுவதில் இன்பம் காண்பவருக்கு ஏற்ற துறை இது. நாள்தோறும் புதிய புதிர் வேண்டுபவருக்கு ஏற்றதன்று.

யாரை நம்பியிருக்கும் துறை

இளம் மருத்துவர்கள் மிகக் குறைவாக யோசிக்கும் விஷயம் இது. தோல் மருத்துவரும், மனநல மருத்துவரும், பெருமளவுக்குப் பொது மருத்துவரும் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு நல்ல விளக்கு இருந்தால் நாளையே தொழில் தொடங்கலாம். அறுவை மருத்துவர் அப்படியல்லர். அவருக்கு அரங்கு வேண்டும், பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும், இரத்த வங்கி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மயக்க மருத்துவர் வர வேண்டும். நம் தாலுகா ஊர்களில் ஒரே மயக்க மருத்துவர் காரில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு நர்சிங் ஹோமிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருப்பார். விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கும்போது அவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு சிசேரியனில் இருக்கலாம். மகப்பேறு மருத்துவர் அந்த இருபது கிலோமீட்டரையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். இந்தப் பதற்றத்தைத் தாங்க முடியாதவர், ஆனால் மகப்பேற்றைத்தான் விரும்புகிறவர், சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையம் உள்ள அரசு மருத்துவமனை அல்லது பெரிய மருத்துவமனை வேலையை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளலாம்; அங்கே குழந்தை மருத்துவரும் மயக்க மருத்துவரும் அதே கட்டடத்தில் இருப்பார்கள்.

கதிரியலை எல்லோரும் இரவுத் தொல்லை இல்லாத துறை என்று எண்ணி முதலிடத்தில் எழுதுகிறார்கள். விபத்துப் பிரிவு உள்ள மருத்துவமனையில் இரவு சி.டி. ஸ்கேன் பார்க்கிறவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். சொந்தமாக ஸ்கேன் மையம் வைக்க இயந்திரத்துக்கான பெரிய முதல் வேண்டும். 1994ஆம் ஆண்டு பாலினத் தெரிவுத் தடைச் சட்டத்தின்படி இயந்திரத்தையும் இடத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப்பைப் பிழையின்றி நிரப்பி வைக்க வேண்டும். இருட்டறையில், நோயாளியோடு அதிகம் பேசாமல், படத்தைப் பார்த்தே உடலைப் படிப்பதில் உங்களுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் அது அருமையான துறை. ஓய்வுக்காக மட்டும் அதை எடுத்தால் ஓய்வும் கிடைக்காது.

நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், சமூக மருத்துவம், சட்டம் சார்ந்த மருத்துவம் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று: இவற்றை "வேறு எதுவும் கிடைக்காதவர்கள் எடுப்பது" என்று சொல்கிறவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள். புற்றுநோயா இல்லையா என்ற கடைசிச் சொல்லை நோய்க்குறியியல் மருத்துவர் சொல்லும்வரை அறுவை மருத்துவர் பெரும்பாலும் கத்தியை எடுப்பதில்லை.

படிப்பின் நீளத்தையும் கணக்கிடுங்கள். எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. ஆகிய மேற்படிப்புகள் எல்லாம் மூன்று ஆண்டு. இதய மருத்துவராகவோ நரம்பறுவை மருத்துவராகவோ வேண்டுமென்றால் அதற்கு மேல் நீட் எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வு எழுதி, மேல்நிலைத் துறைப் பட்டமான டி.எம். அல்லது எம்.சிஎச். இன்னும் மூன்று ஆண்டு. எந்த எம்.டி.யிலிருந்து எந்த டி.எம்.முக்குப் போகலாம் என்பதை இப்போதே பார்த்துவையுங்கள். மேல்நிலைத் துறையை மட்டும் விரும்பி, அடிப்படைத் துறையை வெறும் படிக்கட்டாக எண்ணுகிறவர்களுக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நீட் எஸ்.எஸ்.ஸில் இடம் கிடைக்காவிட்டால், வெறும் பொது மருத்துவராகவே வாழ உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் இல்லையென்றால் அந்தப் படிக்கட்டில் ஏறுமுன் நன்றாக யோசியுங்கள்.

வீட்டில் பேச வேண்டியது

நம் பக்கத்தில் இந்த முடிவை மருத்துவர் தனியாக எடுப்பதில்லை. அப்பா பண்ணையத்தை அடகு வைத்துப் படிக்க வைத்திருப்பார். அல்லது அப்பாவே மருத்துவராக இருந்து, நர்சிங் ஹோம் கட்டடம் ஒன்று வாரிசுக்காகக் காத்திருக்கும். பெண் மருத்துவர் என்றால் மகப்பேறு எடுக்கச் சொல்வார்கள், அதில் இரவு வேலை என்று தெரிந்ததும் தோல் எடுக்கச் சொல்வார்கள், எலும்பு முறிவு என்றால் மாப்பிள்ளை கிடைக்காது என்பார்கள். இவர்களை எதிரிகளாக எண்ண வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிந்த அளவில் உங்கள் நலத்தைத்தான் பேசுகிறார்கள். ஆனால் ரேங்கு வந்த அன்று, கலந்தாய்வுப் பரபரப்பில் இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். தேர்வுக்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள். "எனக்கு இது பிடிக்கும்" என்று சொன்னால், சின்ன வயதில் எல்லாமே பிடிக்கும் என்று தள்ளிவிடுவார்கள். ஆறு மாதத்தில் நாற்பது நாள் நான் யாரும் சொல்லாமல் குழந்தைகள் வார்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன் என்று தேதியோடு காட்டினால், எந்தத் தகப்பனும் ஒரு நிமிடம் நின்று கேட்பார். கட்டடம் காத்திருந்தால், அந்தக் கட்டடத்தில் நீங்கள் விரும்பும் துறையை எப்படி நடத்தலாம் என்ற கணக்கையும் கையில் கொண்டுபோங்கள். திருமணம் நிச்சயமாகியிருந்தால் துணைவராக வரப்போகிறவரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். இரவில் ஒலிக்கும் தொலைபேசி அவர் தலைமாட்டிலும்தான் இருக்கும்.

உடலைப் பற்றியும் மறைக்காமல் பேசுங்கள். முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர் காரீய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அறுவை அரங்கின் எக்ஸ்ரே கருவியான சி-ஆர்ம் அருகில் மணிக்கணக்கில் நிற்பது கடினம். தொடர்ந்து இரவு விழித்தால் வலிப்பு வரும் தன்மை உள்ளவர் அதற்கேற்ற துறையை எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

கலந்தாய்வு

அரசுக் கல்லூரி மேற்படிப்பு இடங்களில் 50 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதற்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கும் மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. கலந்தாய்வு நடத்துகிறது. மீதி அரசு இடங்களுக்கு மாநிலத் தேர்வுக் குழு நடத்துகிறது. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 31.8.2020 அன்று தீர்ப்பளித்தது; எனவே உடனே ரேங்கு வராதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்து, அந்த வழியில் மேற்படிப்புக்குப் போவதை இழப்பாக எண்ண வேண்டாம். வசிப்பிட அடிப்படையில் மேற்படிப்பு இடங்களை ஒதுக்குவது செல்லாது என்று அதே நீதிமன்றம் 29.1.2025 அன்று கூறியது. இவ்வாறு விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சென்ற ஆண்டு சீனியர் சொன்னதை நம்பாமல், அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள். ஒப்பந்தப் பணிக்காலம், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, விலகுவதற்கான கடைசித் தேதி ஆகிய மூன்றையும் தனித்தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பெரும்பாலோர் ஒரு தவறு செய்கிறார்கள். நமக்குக் கிடைக்காது என்று நினைப்பதைக் கீழே தள்ளி, கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடுகிறார்கள். கணினி உங்கள் ரேங்கு வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை ஒதுக்குகிறது. மேலே அரிய இடத்தை எழுதியதால் கீழே உள்ளது பறிபோவதில்லை. ஆகவே உண்மையாக எது வேண்டுமோ அதே வரிசையில் எழுதுங்கள். கிடைத்தாலும் எதில் சேரமாட்டீர்களோ அதை எழுதவே எழுதாதீர்கள்.

துறையா, கல்லூரியா என்ற குழப்பம் வரும். அறுவை சார்ந்த துறை என்றால், மூன்றாண்டில் உங்கள் சொந்தக் கையால் எத்தனை அறுவை செய்ய விடுவார்கள் என்பதே கல்லூரியை முடிவு செய்யட்டும். அதைப் பேராசிரியரிடமோ முதலாண்டு மாணவரிடமோ கேட்காமல், இரண்டாமாண்டு பி.ஜி. ஒருவரைக் கேளுங்கள், முதலாண்டின் களைப்பும் அவருக்குத் தீர்ந்திருக்கும், புகழ்ந்து சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பயிற்சி இப்போது கட்டாயம் என்பதால், அந்தக் கல்லூரி மாணவர்களை எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விரும்பிய துறை கிடைக்கவில்லை, மறுபடி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. ஒருமுறை மறுபடி எழுதுவது நியாயம், அதுவும் வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கவில்லை என்றால். இரண்டாம் முறை எழுதும்போது ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதுங்கள். மூன்றாம் முறைக்கு முன், நோட்டுப் புத்தகத்தில் இரண்டாவதாக அதிகம் வந்த துறை எது என்று பாருங்கள். பலருக்கு அது முதல் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைகள் மருத்துவம் கிடைக்காமல், பள்ளிச் சிறுவர்களின் காதும் தொண்டையும் பார்ப்பதில் மனம் ஒன்றிப்போன காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் என் நண்பர்.

சேர்ந்த பிறகும் ஐயம் வரும். முதல் மூன்று மாதம் தூக்கமின்மையால் எல்லாத் துறையும் தவறாகவே தோன்றும், அப்போது முடிவு எடுக்காதீர்கள். ஆனால் அதற்குப் பிறகு, இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலும் வார்டுக்குள் நுழையக் கால் தயங்கினால், அந்தத் தனித்தாளில் எழுதி ஒட்டிய கடைசித் தேதியைப் பாருங்கள். விதி இடம் கொடுக்கும் நாளுக்குள் வழிகாட்டி ஆசிரியரிடமும் வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தூக்கமும் பசியும் போய், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், தேதி எதையும் பாராமல் அன்றே மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.